முடித்து வைக்காத முடிவுகள்: 1977 முதல் 1979 வரை ஐந்து தமிழ்ப்படங்கள்



"உனக்குப் பிடித்த பழைய திரைப்படம் ஒன்றைத் திறனாய்வு செய்க" என்று கேட்டால், நம் மாணவர்கள் எழுதித் தருவது பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். முதல் பத்தியில் இயக்குநர், நடிகர் பெயர்கள். அடுத்த மூன்று பத்திகளில் கதை. கடைசிப் பத்தியில், "இப்படத்தின்வழி நாம் பெறும் படிப்பினை யாதெனில்..." செமினியில் படிவம் 4, 5 மாணவர்களின் தாள்களைத் திருத்தும்போது நான் பார்ப்பதும் இதேதான். மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கதையை ஒப்புவித்துவிட்டு ஒரு நீதியை ஒட்டினால் கட்டுரை முடிந்தது என்று பழக்கிவிட்டவர்கள் நாம்தான்.

இந்தப் பழக்கத்தை உடைக்க நல்ல மருந்து ஒன்று உண்டு. படிப்பினை எழுத இடமே கொடுக்காத படங்களை வகுப்பில் போட்டுக் காட்டுவதுதான் அது. அப்படிப்பட்ட படங்கள் தமிழில் ஒரு காலகட்டத்தில் கொத்தாக வந்தன. 1970களின் தமிழ் சினிமாவைப் 'பொற்காலம்' என்று பலரும் கொண்டாடுகிறார்கள். அந்தப் பத்தாண்டின் கடைசி மூன்று ஆண்டுகளில் வந்த ஐந்து படங்களை, எனக்கு ரொம்பப் பிடித்த ஐந்தை, இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றிலும் கடைசிக் காட்சியை மட்டும் உற்றுப் பார்ப்போம். முடிவில்தான் ஒரு படத்தின் துணிச்சல் தெரியும்.

முதலில் கொஞ்சம் பின்னணி

'பொற்காலம்' என்ற சொல்லை அப்படியே விழுங்கிவிடாதீர்கள். 1970களில் வந்த படங்களில் பெரும்பாலானவை பழைய பாணிதான். அரங்கில் போட்ட செட்டு, பக்கம் பக்கமாக வசனம், கடைசியில் கெட்டவன் திருந்துவது அல்லது சாவது. மாற்றம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. 1976இல் 'அன்னக்கிளி' படத்தில் இளையராஜா இசையமைப்பாளராக அறிமுகமானார். 1977 ஜூன் 30இல் எம்.ஜி.ஆர். தமிழக முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். அத்தோடு திரையில் அவர் இடம் காலியானது. அந்த நேரத்தில் புதுசாகச் சிலர் உள்ளே வந்தார்கள். கிராமத்திலிருந்து வந்த பாரதிராஜா, பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்த, இலங்கை மட்டக்களப்பைச் சேர்ந்த பாலு மகேந்திரா, சென்னைத் திரைப்படக் கல்லூரியில் படித்த ருத்ரய்யா, வசனகர்த்தாவாக இருந்து இயக்குநரான மகேந்திரன்.

மகேந்திரனைப் பற்றி ஒரு செய்தியை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். சிவாஜி கணேசன் நடித்த 'தங்கப்பதக்கம்' (1974) படத்துக்குக் கதை வசனம் எழுதியவர் அவர்தான். இடி முழக்கம் போல் வசனம் எழுதத் தெரிந்த மனிதர், தாமே இயக்கிய படங்களில் வாயை மூடிக்கொண்டார். எழுதத் தெரியாமல் குறைத்தவர் அல்லர், தெரிந்தே குறைத்தவர். கட்டுரை எழுதும் நமக்கும் இது பாடம்தான்.

1. '16 வயதினிலே' (1977): மயிலின் இன்னொரு ஆசை

பாரதிராஜா இயக்கிய முதல் படம். ஒளிப்பதிவு பி.எஸ்.நிவாஸ். மயிலாக ஸ்ரீதேவி, சப்பாணியாகக் கமல்ஹாசன், பரட்டையாக ரஜினிகாந்த். இந்தப் படத்தில் பாடியதற்காக எஸ்.ஜானகி தேசிய விருது பெற்றார்.

கதை எல்லாருக்கும் தெரியும். ஊரே 'சப்பாணி' என்று கூப்பிடும் ஒருவனை, "உன் பேர் கோபாலகிருஷ்ணன், சப்பாணின்னு கூப்பிட்டா அறைஞ்சிடு" என்று மயில் பழக்குகிறாள். தன்னை ஏமாற்றிய டாக்டரை அவன் அறையும்போது அவள் முகம் மலர்கிறது. பிறகு பரட்டை அவளைக் கெடுக்க வரும்போது கோபாலகிருஷ்ணன் அவனைக் கல்லால் அடித்துக் கொன்றுவிட்டுச் சிறைக்குப் போகிறான். மயில் ரயில் நிலையத்தில் காத்திருக்கிறாள். படம் தொடங்குவதும் அந்தக் காத்திருப்பில்தான், முடிவதும் அதில்தான். அவன் வந்தானா? காட்டவில்லை.

இதை "உண்மை அன்பு காத்திருக்கும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். ஆனால் தொடக்கத்தில் மயிலுக்கு இருந்த ஆசை என்ன, ஞாபகம் இருக்கிறதா? ஆசிரியை ஆவது! பத்தாம் வகுப்பு முடித்த பெண், ஆசிரியர் பயிற்சிக்குப் போகவேண்டியவள், டாக்டரின் பேச்சை நம்பி அந்த வாய்ப்பை விட்டுவிடுகிறாள். அதற்குப் பிறகு படம் அந்த ஆசையைப் பற்றி வாய் திறப்பதே இல்லை. காதல் வந்தது, துரோகம் வந்தது, தியாகம் வந்தது. படிப்பு மட்டும் திரும்பி வரவில்லை. கடைசியில் அவளுக்கு மிஞ்சுவது ஒருவனுக்காகக் காத்திருக்கும் வேலை மட்டும்.

இது படத்தின் குறையா, அல்லது அந்தக் கிராமம் ஒரு பெண்ணுக்குச் செய்ததைப் படம் நேர்மையாகக் காட்டுகிறதா? எனக்கு முதல் பக்கம்தான் சாய்வு. இயக்குநரே மயிலின் படிப்பை மறந்துவிட்டார் என்றே தோன்றுகிறது. நீங்கள் மறுக்கலாம். ஆனால் மறுப்பதற்குக் காட்சியிலிருந்து சான்று காட்ட வேண்டும். அதுதான் திறனாய்வு.

2. 'முள்ளும் மலரும்' (1978): பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை

'கல்கி' இதழின் வெள்ளிவிழா நாவல் போட்டியில் பரிசு வாங்கிய உமாசந்திரனின் நாவலை வைத்து மகேந்திரன் முதன்முதலில் இயக்கிய படம். ஒளிப்பதிவு பாலு மகேந்திரா. மலைப்பகுதியில் ஒரு மின்நிலையம். அங்கே விஞ்ச் ஓட்டுபவன் காளி (ரஜினிகாந்த்). அவன் தங்கை வள்ளி (ஷோபா). புதிதாக வரும் பொறியாளர் குமரன் (சரத்பாபு).

நம்ம ஊர் மாணவர்களுக்கு இந்தப் படத்தின் உள்ளே போக ஒரு தனி வாசல் இருக்கிறது. கங்காணி, கிராணி, துரை என்று அடுக்கடுக்காக இருந்த தோட்ட வாழ்க்கையைத் தாத்தா பாட்டி வாயால் கேட்டிருப்பார்கள். மேலே இருப்பவர் நல்லவராகவே இருந்தாலும், அவர் 'மேலே' இருப்பதே கீழே இருப்பவனை உறுத்தும். குமரன் கெட்டவர் கிடையாது. சட்டப்படி நடப்பவர். ஆனாலும் காளிக்கு அவரைப் பிடிக்காது. இதைக் 'கர்வம்' என்று ஒரே சொல்லில் அடைத்துவிட முடியாது.

காளி வேலையிலிருந்து நீக்கப்படுகிறான். குடிபோதையில் லாரியில் சிக்கி ஒரு கையை இழக்கிறான். வள்ளியைக் குமரன் விரும்புகிறார், காளி சம்மதிக்கவில்லை. ஊரே சேர்ந்து கல்யாணத்துக்குப் புறப்பட, வழியில் நிற்கும் அண்ணனைப் பார்த்ததும் வள்ளி எல்லாரையும் விட்டுவிட்டு அவனிடம் ஓடி வருகிறாள். அதற்குப் பிறகுதான் காளி அவளைக் குமரனிடம் அழைத்துப்போய் ஒப்படைக்கிறான். அப்போதும், உங்களை இன்னும் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான்.

அந்தப் பேச்சுதான் படத்தின் உயிர். வேறு படமாக இருந்தால் காளி கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்டிருப்பான். இங்கே அவன் திருந்தவில்லை. கொஞ்சம் நகர்கிறான், அவ்வளவுதான். அதே சமயம் ஒரு கேள்வி உறுத்துகிறது. வள்ளி தன் விருப்பத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வந்த பிறகுதானே அவனுக்கு மனசு இறங்கியது? தங்கை தோற்றால்தான் அண்ணன் பெருந்தன்மை காட்டுவானா? "அண்ணன் தங்கை பாசத்தின் உச்சம்" என்று எழுதும் மாணவர், இந்தக் கேள்விக்குப் பதில் எழுதினால் கட்டுரை வேறு தரத்துக்குப் போய்விடும்.

3. 'அவள் அப்படித்தான்' (1978): இரக்கப்படும் ஆண்

ருத்ரய்யாவின் முதல் படம். வண்ணப்படங்கள் பெருகிவிட்ட நேரத்தில் கறுப்பு வெள்ளையில் வந்தது. வசனம் எழுதியவர்களில் எழுத்தாளர் வண்ணநிலவனும் ஒருவர். விளம்பர நிறுவனத்தில் வேலை செய்யும் மஞ்சுவாக ஸ்ரீபிரியா, அந்த நிறுவனத்தை நடத்தும் தியாகுவாக ரஜினிகாந்த், பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வரும் அருணாகக் கமல்ஹாசன். வெளிவந்தபோது ரசிகர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, பிறகுதான் கொண்டாடப்பட்டது.

தியாகு பெண்களை மட்டம் தட்டுபவன் என்பது பார்த்தவுடனே தெரியும். ஆனால் ருத்ரய்யாவின் குறி அவன்மேல் மட்டும் இல்லை. மஞ்சுவைப் புரிந்துகொள்ள முயலும் அருண்மேலும் இருக்கிறது. அருண் கேட்கிறான், குறித்துக்கொள்கிறான், இரக்கப்படுகிறான். கடைசியில் வேறொரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு வருகிறான். காரில் மஞ்சு அந்தப் புதுமனைவியிடம் பெண் விடுதலை பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்க, அவள் தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறாள். அதனால்தான் நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்கள் என்பது மஞ்சுவின் பதில். மஞ்சு தெருவில் இறங்கிக்கொள்ள, கார் போய்விடுகிறது.

இதில் படிப்பினை எங்கே இருக்கிறது? "பெண்களை மதிக்க வேண்டும்" என்று எழுதினால் அருணுக்குக்கூட அது பொருந்தும்; அவன் மதிக்கத்தானே செய்தான்? மதிப்பதோடு நின்றுவிட்டான் என்பதுதான் விசயம். ஒருவரைப் பற்றி ஆராய்வது ஒன்று, அவர் பக்கத்தில் நிற்பது இன்னொன்று.

4. 'உதிரிப்பூக்கள்' (1979): ஊர் செய்தது சரியா?

இலக்கியம் எடுக்கும் மாணவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய படம். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' குறுநாவலிலிருந்து ஒரு விதையை மட்டும் எடுத்து மகேந்திரன் வளர்த்த கதை. தாயை இழந்த குழந்தைகள், அந்த வீட்டுக்கு வரும் இளைய தாரம் என்பதுதான் அந்த விதை. மற்றதெல்லாம் பெரும்பாலும் திரைக்காகப் புதிதாகப் பிறந்தவை. மூலக்கதையையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட இதைவிட நல்ல இணை கிடைப்பது அரிது.

சுந்தரவடிவேலுவாக விஜயன். ஊரில் செல்வாக்கான மனிதர். சத்தம் போட மாட்டார், அரிவாள் தூக்க மாட்டார். மென்மையாகப் பேசியே மனைவி லட்சுமியை (அஸ்வினி) அணு அணுவாக வதைப்பவர். அசோக்குமாரின் கேமரா அந்த வீட்டை எட்ட நின்று பார்க்கிறது. லட்சுமி இறந்த பிறகு, அவள் தங்கைக்கு அவர் இழைக்கும் அவமானம் ஊரைக் கொதிக்க வைக்கிறது. ஊரார் அவரை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் இறங்கச் சொல்கிறார்கள்.

அங்கே அவர் சொல்வதுதான் தமிழ் சினிமாவின் மிகக் கசப்பான பேச்சுகளில் ஒன்று. இதுவரை நல்லவர்களாக இருந்த உங்களையும் இன்று என்னைப்போல் ஆக்கிவிட்டேன். நான் செய்த தவறுகளிலேயே பெரியது இதுதான் என்ற பொருளில் பேசிவிட்டு, குழந்தைகளிடம் விடைபெற்று ஆற்றில் இறங்குகிறார். அந்தக் குழந்தைகள் கரையோரம் நடந்து போகிறார்கள்.

"தீயவன் அழிவான்" என்று எழுத மாணவர் கை துடிக்கும். கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். அழித்தவர்கள் யார்? நல்லவர்கள். அநாதைகளாக நிற்பவர்கள் யார்? அவர் கொடுமைக்கு ஏற்கெனவே ஆளான அதே குழந்தைகள். அவர் சொன்னது உண்மையான வருத்தமா, சாகும்போதும் ஊரைக் குத்திவிட்டுப் போகும் தந்திரமா? படம் தீர்ப்புச் சொல்லவில்லை. வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதம் வையுங்கள். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் பரவாயில்லை. காட்சியைச் சான்றாகக் காட்டிப் பேசுகிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

5. 'அழியாத கோலங்கள்' (1979): திருத்தாமல் விட்ட நினைவு

பாலு மகேந்திரா தமிழில் இயக்கிய முதல் படம். இசை, வங்காளத்தின் சலில் சௌத்ரி. மூன்று சிறுவர்கள், ஓர் ஊர், புதிதாக வந்த இந்துமதி டீச்சர் (ஷோபா). வளர்ந்து பெரியவனான கௌரிசங்கரின் நினைவாகக் கதை விரிகிறது. அந்தச் சிறு வேடத்தில் கமல்ஹாசன்.

பதின்ம வயதுப் பையன்களின் குறுகுறுப்பை, டீச்சர்மேல் வரும் ஈர்ப்பை, இந்தப் படம் கிண்டல் செய்யவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. மூவரில் ஒருவன் நீரில் மூழ்கி இறக்கிறான். அந்தச் சாவை ஒரு தண்டனையாகவோ எச்சரிக்கையாகவோ படம் மாற்றவில்லை. அது நடந்தது; மறக்க முடியவில்லை; அவ்வளவே. பெரியவனான கௌரிசங்கர்கூட அதற்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்துச் சொல்வதில்லை.

'என் பள்ளிப் பருவம்' என்று கட்டுரை எழுதச் சொன்னால், கடைசியில் ஒரு நீதியைத் தேடி அலையும் மாணவர்களுக்கு இதைக் காட்டலாம். நினைவுக்கு நீதி தேவையில்லை. உண்மையாக இருந்தால் போதும்.

புகழ்வதற்கு முன் ஒரு எச்சரிக்கை

இந்த ஐந்தையும் எடுத்தவர்கள் ஆண்கள். பெண்ணின் வலி இவற்றில் நிறைய உண்டு. அதைப் பெண் தன் பார்வையில் சொல்லும் இடம் குறைவு. மஞ்சுவின் கதைகூட அருண் வழியாகத்தான் நமக்கு வருகிறது. சாதியைப் பற்றியும் இவை அடக்கியே பேசுகின்றன. "அந்தக் காலப் படம் மாதிரி வருமா?" என்று பெருமூச்சு விடுவது ரசனையாக இருக்கலாம், திறனாய்வு ஆகாது. பிடித்த படத்தின் குறையைச் சொல்லவும் ஒரு நேர்மை வேண்டும்.

இன்னொன்று. இந்தப் படங்களின் பிள்ளைகள் நம் நாட்டிலும் உண்டு. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' (2015) அப்படி ஒன்று. தோட்டத்தை விட்டு வந்த குடும்பம், படி படி என்று நெருக்கும் அப்பா, குண்டர் கும்பலில் இருக்கும் சித்தப்பா, நடுவில் அப்போய் என்ற பையன். 2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், மலாய் அல்லாத மொழிப் படங்களைத் தனியே பிரித்து வைத்ததைப் பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது. கடைசியில் விருதுப் பிரிவுகள் மாற்றப்பட்டு, சிறந்த மலேசியத் திரைப்படமாக 'ஜகாட்' தேர்வானது. செமினியைச் சுற்றி ரப்பர் மரமும் செம்பனையும் இருந்த நிலமெல்லாம் இன்று தாமான்களாகிவிட்டன. அந்த வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு அப்போயை அறிமுகம் செய்ய ரொம்ப விளக்கம் தேவைப்படாது. காளியையும் அப்போயின் அப்பாவையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லிப் பாருங்கள்.

தேர்வுத் தாளுக்கு எப்படிக் கொண்டுபோவது?

ஒரே படத்தைப் பற்றிய இரண்டு பத்திகளைப் பாருங்கள்.

முதல் பத்தி: "முள்ளும் மலரும் படத்தில் காளி தன் தங்கைமீது அளவற்ற பாசம் வைத்திருக்கிறான். இறுதியில் அவன் மனம் மாறித் தங்கையைக் குமரனுக்கே மணமுடித்து வைக்கிறான். இதன்வழி உடன்பிறப்புகளிடம் பாசமாக இருக்க வேண்டும் எனும் படிப்பினையைப் பெறுகிறோம்."

இரண்டாம் பத்தி: "இறுதிக் காட்சியில் காளி மனம் மாறிவிட்டதாகப் படம் காட்டவில்லை. குமரனை இன்னும் பிடிக்கவில்லை என்று அவன் வெளிப்படையாகவே கூறுகிறான். எனவே அவன் பகையை விடவில்லை. பிடிவாதத்தை மட்டுமே விடுகிறான். வள்ளி தன்னிடம் திரும்பி வந்த பிறகே இதைச் செய்வதால், அவனது பெருந்தன்மையில் வெற்றிப் பெருமிதமும் கலந்துள்ளது."

இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். முதலாவதை எழுதப் படத்தைப் பார்த்திருக்கவே வேண்டாம். யாராவது கதை சொன்னால் போதும். இரண்டாவது, காட்சியைப் பார்த்தவரால் மட்டுமே எழுத முடியும்.

இந்த மாற்றத்துக்கு மாணவர்கள் மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்.

ஒன்று: தொடக்கத்தில் ஒரு பாத்திரம் ஆசைப்பட்டது கடைசியில் என்ன ஆனது? (மயிலின் படிப்பு.)

இரண்டு: முடிவில் வென்றவர் யார், அந்த வெற்றிக்கு விலை கொடுத்தவர் யார்? (காளி, வள்ளி.)

மூன்று: படம் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி எது? அதற்கு உன் பதில் என்ன, சான்றாகும் காட்சி எது? (ஆற்றங்கரை.)

நாவலுக்கும் நாடகத்துக்கும்கூட இந்த மூன்றும் பொருந்தும். எஸ்.பி.எம். இலக்கியப் பாடத்தில் பாத்திரப்படைப்பு, முடிவு பற்றிய கேள்விகளுக்கு இதே வழியில் விடை எழுதிப் பழகலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'உதிரிப்பூக்கள்', 'அவள் அப்படித்தான்', 'அழியாத கோலங்கள்' மூன்றிலும் வயதுக்குத் தக்கபடி கையாள வேண்டிய காட்சிகள் இருக்கின்றன. முதலில் நீங்கள் முழுதாகப் பார்த்துவிடுங்கள். கீழ்ப்படிவ வகுப்புகளுக்குக் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் காட்டினாலும் போதும். ஐந்தையும் ஒரே தவணையில் திணிக்க வேண்டாம். ஒரு படம், ஒரு காட்சி, ஒரு கேள்வி என்று தொடங்குங்கள்.

மாணவர்களே, விமர்சனம் எழுத உட்காரும்போது 'படிப்பினை' என்ற சொல்லை ஒரு தடவையாவது பயன்படுத்தாமல் எழுதிப் பாருங்கள். முதலில் கை வராது. அப்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கடைசிக் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.